ஏழாம் வகுப்புக்கு எதற்கு மாஸ்டர்ஸ்?

(நியூயார்க் நகரின் க்வீன்ஸ் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று என்னைப் பேச அழைத்த அக்கா தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார்கள். “நீங்க ஊர்ல எம்.எஸ்ஸி. கணக்கு முடிச்சவங்க. இங்க வந்து இன்னொரு மாஸ்டர்ஸும் படிச்சிருக்கீங்க. ரெண்டு பட்டத்தையும் வச்சுக்கிட்டு ஏழாம் வகுப்புக்கா பாடம் எடுக்கறீங்க?” என் மீதுள்ள அன்பினால்தான் கேட்டார்கள். என் அப்பா இதையே கொஞ்சம் கோபமாகக் கேட்டிருக்கிறார். அப்போது அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர். முதுகலை படித்தவர் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் போவார். ஆறு முதல் எட்டு வரைக்கு ஒரு பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். சம்பளமும் அந்தப் படிக்கட்டின்படிதான். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எம்.எஸ்ஸி. படித்தவள் ஏழாம் வகுப்பில் நிற்பது இறங்கி வந்ததாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வேறு வேலை கிடைக்கும் வரை பள்ளியில் இருக்கலாம் என்று நினைத்துத்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். அந்த நினைப்பை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் மாற்றினான்.

அப்போது ஸ்டூடன்ட் டீச்சிங்கில் இருந்தேன். ஒரு நடுநிலைப் பள்ளியில், அனுபவமுள்ள ஆசிரியை ஒருவரின் வகுப்பில், ஒரு செமஸ்டர் முழுதும் சம்பளம் இல்லாமல் நின்று கற்பிக்கும் காலம் அது. நானே தனியாக எடுத்த முதல் பாடம், பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தல். ஊரில் நாம் எல்லோரும் படித்ததுதான்: இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கு, பெருக்கு, சுருக்கு. பலகையில் மூன்று கணக்குகளை அழகாகப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த பையன் கையைத் தூக்கினான். “ஏன் தலைகீழாக்கணும்?”

“அதுதான் விதி” என்றேன். அவன் விடவில்லை. “விதின்னு தெரியும் மிஸ். ஏன்?”

எனக்கு லெபேக் தொகையீடு தெரியும். குலக் கோட்பாட்டில் தேற்றங்களை நிரூபித்திருக்கிறேன். அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை. முகம் சூடாகிவிட்டது. “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். அவன் நோட்டை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அன்று மாலை நூலகத்தில் என் பேராசிரியர் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். லிபிங் மா என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் 1999-இல் வெளியிட்டது. அவர் அமெரிக்காவில் 23 ஆசிரியர்களிடமும் சீனாவில் 72 ஆசிரியர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்: ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் என்ன? விடையைச் சொல்லுங்கள், அதற்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கையும் சொல்லுங்கள். சீன ஆசிரியர்கள் எல்லோரும் விடையைச் சரியாகப் போட்டார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப்பேருக்கு மேல் விடையே சரியாக வரவில்லை. கதைக் கணக்கு கேட்டபோது பலர் அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். பொருளோடு பொருந்திய ஒரு கதையைச் சொன்னவர் அந்த 23 பேரில் ஒரே ஒருவர். நான் அங்கே இருந்திருந்தால் விடையைச் சரியாகச் சொல்லியிருப்பேன். கதையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரவு சமையலறையில் நின்றுகொண்டு யோசித்தேன். என் பாட்டியிடம் ஒரு அரைப்படி இருந்தது, பித்தளையில். ஒன்றேமுக்கால் படி அரிசி இருக்கிறது என்று வையுங்கள். அதை அரைப்படியால் அளந்தால் எத்தனை தடவை வரும்? மூன்று தடவை நிறைந்து வரும். மீதி கால்படி, அதாவது அளவையில் பாதி. ஆக மூன்றரை. ஏன் இரண்டால் பெருக்கினோம்? ஒவ்வொரு படியிலும் அரைப்படி இரண்டு இருப்பதால். ஒரு படிக்கு இரண்டு தடவை என்றால் ஒன்றேமுக்கால் படிக்கு ஒன்றேமுக்காலின் இரண்டு மடங்கு. தலைகீழாக்குவது என்று நாம் சொல்வது இவ்வளவுதான். ஒன்றுக்குள் அந்தப் பின்னம் எத்தனை தடவை அடங்கும் என்ற எண்ணிக்கை அது. என் பாட்டி இதைக் கையால் செய்துகொண்டிருந்தாள். அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று இருபதில் ஒன்றுக்கும் எண்பதில் ஒன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்று கூப்பிட்ட மொழி நம்முடையது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவற்றை வாய்ப்பாடாகச் சொன்னார்கள். அவ்வளவும் கையில் இருந்தும், நான் பதினேழு வருடம் கணக்குப் படித்து முடிக்கும் வரை அந்த ‘ஏன்’ என்பது எனக்குள் எழவே இல்லை.

மறுநாள் அரைக் கப் அளவையும் ஒரு பை அரிசியும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் பையனையே கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். மூன்று தடவை கொட்டிவிட்டு, பாதி நிறைந்த நாலாவது கப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். “ஓ” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் இந்த வகை அறிவைப் பற்றி எழுதினார். 1986-இல் அச்சான அவருடைய கட்டுரையில், பாட அறிவு ஒன்று, பொதுவாகக் கற்பிக்கும் திறன் ஒன்று, இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு அறிவு இருக்கிறது என்றார். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், எந்த உதாரணம் கதவைத் திறக்கும், எந்த உதாரணம் தவறான வழியில் கொண்டுபோய் விடும் என்று தெரிந்து வைத்திருப்பது. எம்.எஸ்ஸி.யில் இது கிடைக்காது. வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்திலும் முழுதாகக் கிடைக்காது. நான் இங்கே படித்த இரண்டாவது மாஸ்டர்ஸ் இதற்காகத்தான். அப்பாவுக்கு அன்று சொல்லத் தெரியாத பதில் இதுதான்.

வரலாற்றிலிருந்து சில செய்திகளை மட்டும் சொல்கிறேன். ஆசிரியர் ஆவதற்கென்று தனியாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே இந்த நாட்டில் ஒரு காலத்தில் புதுமை. மாசசூசெட்ஸ் மாநிலம் லெக்சிங்டனில் 1839 ஜூலையில் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தபோது முதல் நாள் வந்தவர்கள் மூன்றே பெண்கள். கற்பித்தலில் முதுகலை என்ற எம்.ஏ.டி. பட்டம் ஹார்வர்டில் 1936-இல், ஜேம்ஸ் கானன்ட் தலைவராக இருந்தபோது தொடங்கியது.

பத்து வயதிலிருந்து பதினான்கு வரையான பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வேண்டும் என்பதும் பிறகு வந்த யோசனைதான். 1909-இல் ஒஹாயோவின் கொலம்பஸில் இண்டியனோலா ஜூனியர் ஹை திறந்தது. ஜூனியர் ஹை என்றால் பெயரிலேயே இருக்கிறதே, சின்ன உயர்நிலைப் பள்ளி. பெரிய பள்ளிக்குத் தயார் செய்யும் முன்கூடம். 1963-இல் நம் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மாநாட்டில் வில்லியம் அலெக்சாண்டர் என்ற கல்வியாளர் இதை மாற்றிப் பேசினார். இந்த வயதுக்கென்றே ஒரு நடுப்பள்ளி வேண்டும், வரப்போகும் வகுப்பைப் பார்க்காமல் இப்போது இருக்கும் பிள்ளையைப் பார்த்து அதை அமைக்க வேண்டும் என்பது அவர் வாதம். மிடில் ஸ்கூல் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் நாடெங்கும் பரவியது.

அந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். என் வகுப்பில் ஒரே வரிசையில் என்னைவிட உயரமான பெண்ணும் என் தோள்வரை வராத பையனும் உட்கார்ந்திருப்பார்கள். நேற்று உயிருக்குயிராக இருந்த இருவர் இன்று ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு விகிதம் நடத்தினால் யார் காதிலும் ஏறாது. இதே வயதில்தான் மனம், கண்ணால் பார்க்கும் பொருளை விட்டு x என்ற எழுத்தை நம்பத் தொடங்குகிறது. பதினொன்று பன்னிரண்டு வயதையொட்டி இந்த மாற்றம் வருகிறது என்று உளவியலாளர் பியாஜே எழுதினார். எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. முப்பது பேரில் பத்துப் பேருக்கு வந்திருக்கும், பத்துப் பேருக்கு வந்துகொண்டிருக்கும். அப்போதுதான் நாம் அல்ஜீப்ராவைத் திறக்கிறோம். “எனக்குக் கணக்கு வராது” என்ற வாக்கியம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் இங்கேதான் என்பேன். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரிடம் வருவது ஏற்கெனவே தேறி வந்த பிள்ளைகள். வழியில் கைவிட்டவர்கள் எங்கள் வகுப்பறையில்தான் கைவிடுகிறார்கள். படித்தவர்களில் மிகச் சிறந்தவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி வழிமுறை. பலர் இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள்.

இந்த நாட்டில் ஆசிரியர் சான்றிதழ் ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு. நான் சொல்வது நியூயார்க் மாநிலத்துக்கு. ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போனால் விதி வேறு, பெயர்களும் வேறு. இங்கே ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பது வரைக்கு ஒரு சான்றிதழ், ஏழு முதல் பன்னிரண்டு வரைக்கு ஒன்று. பின்னதோடு ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கான நீட்டிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் கிடைப்பது இனிஷியல் சான்றிதழ், ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதற்குள் மூன்று வருடம் கற்பித்து, ஒரு மாஸ்டர்ஸும் முடித்தால் புரொஃபஷனல் சான்றிதழ். ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கும் அதே விதிதான், பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியருக்கும் அதே விதிதான். நம் ஊர்ப் படிக்கட்டு இங்கே இல்லை.

இளங்கலையிலேயே கல்வியியல் படித்தவர்கள் முதலில் வேலைக்குப் போய், பிறகு மாலை வகுப்பில் மாஸ்டர்ஸ் முடிப்பார்கள். நம்மைப் போல வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு, முதல் சான்றிதழையும் முதுகலையையும் ஒன்றாகத் தரும் படிப்புகள் உள்ளன. இரண்டு தேவைகளும் ஒரே படிப்பில் தீர்ந்துவிடும். நம் நகரத்துப் பொதுப் பல்கலைக்கழகமான கியூனியின் கல்லூரிகளில் தனியார் பல்கலைக்கழகங்களைவிடக் கட்டணம் மிகக் குறைவு. பெயருக்காக யாரும் பெரிய கடனில் விழ வேண்டாம்.

விண்ணப்பத்தில் நம்மவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது மதிப்பெண் பட்டியலில். நம் பட்டங்களை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் பாடம் பாடமாகப் பிரித்து கிரெடிட்டாக எழுதித் தர வேண்டும். மொத்த மதிப்பீடு போதாது, பாடவாரியாகக் கேளுங்கள். கணக்கில் மட்டும் 30 கிரெடிட் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நம் மூன்று வருட பி.எஸ்ஸி. இங்கே நாலு வருடப் பட்டத்துக்குச் சமமா என்ற கேள்வியும் வரும். மேலே ஒரு எம்.எஸ்ஸி. இருந்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். எனக்கு ஊரிலிருந்து முத்திரையிட்ட உறை வந்து சேர நாலு மாதம் ஆனது. ஒரு அலுவலகத்தில் என் தம்பி ஆறு தடவை போய் நின்றான். அந்த நாலு மாதத்தில் ஒரு கல்வியாண்டு கை நழுவியது. ஆகவே, சேர நினைக்கும் ஆண்டுக்கு ஒரு வருடம் முன்பே இதைத் தொடங்குங்கள்.

பிறகு தேர்வுகள். பாடத்துக்கு ஒன்று. எல்லா வகைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பது பற்றி இன்னொன்று. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் பற்றிய சட்டமும் நடைமுறையும் அதில் வரும். எட்டிபிஏ என்று, நம் பாடத்தைப் படம் பிடித்து நீளமான கட்டுரையோடு அனுப்பும் ஒரு தேர்வு இருந்தது. மாநிலம் 2022-இல் அதைக் கைவிட்டது. குழந்தை வன்கொடுமையை அடையாளம் காண்பது, பள்ளி வன்முறையைத் தடுப்பது, எல்லா மாணவரின் கண்ணியத்தையும் காப்பது குறித்த பயிலரங்குகள் கட்டாயம். கைரேகையும் தர வேண்டும்.

விசாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த பெண்கள் இங்கே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அந்த விசாவில் படிக்கலாம். வேலை அனுமதி இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. 2015 மே மாதம் முதல், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் சிலருக்கு வேலை அனுமதி கிடைக்கிறது. பழைய வழக்கு ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் ஃபின்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்ணும், அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க விரும்பவில்லை என்பதற்காக இதே நியூயார்க் மாநிலம் ஆசிரியர் சான்றிதழ் தர மறுத்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. ஆசிரியர் வேலையை இந்த நாடு அந்த அளவுக்குப் பொதுப்பணியாகப் பார்த்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நிலையை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். படித்து முடித்துவிட்டு வகுப்பறைக்கு வெளியே காத்திருந்த இரண்டு பெண்களை எனக்குத் தெரியும்.

பணத்தில் இன்னொன்று. டீச் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவி ஆண்டுக்கு அதிகபட்சம் 4,000 டாலர். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடத்தை, வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில், எட்டு வருடத்துக்குள் நாலு வருடம் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முழுதும் வட்டியோடு கடனாக மாறிவிடும். வருடா வருடம் படிவம் அனுப்புவதில் கவனம் தேவை.

சம்பளம் பற்றி அப்பாவுக்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கேயும் சின்ன வகுப்பு ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1921-இல் டென்வரும் டி மாய்னும் எல்லா வகுப்புக்கும் ஒரே சம்பள அட்டவணை கொண்டுவந்தன. பிறகு மற்ற நகரங்களும் பின்பற்றின. எத்தனை வருட அனுபவம், என்ன பட்டம் என்பதுதான் கணக்கு. எந்த வகுப்பு என்பது கணக்கில் இல்லை.

ஒரு நேர்மையான கேள்வியையும் உங்கள் முன் வைக்க வேண்டும். மாஸ்டர்ஸ் பட்டம் இருப்பதால் மட்டும் மாணவரின் தேர்வு மதிப்பெண் உயர்வதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கணக்கு ஆசிரியர் கணக்கிலேயே மாஸ்டர்ஸ் படித்திருந்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது என்று சில ஆய்வுகள் கண்டன. வட கரோலினா 2013-இல் மாஸ்டர்ஸுக்கான கூடுதல் சம்பளத்தையே நிறுத்தியது. இந்த ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. சம்பள உயர்வுக்காக, ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கணினி முன் உட்கார்ந்து முடித்த பட்டமும் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஒரு ஆசிரியையின் பக்கத்தில் நின்று, விழுந்து, மறுநாள் எழுந்து முடித்த பட்டமும் அதே கணக்கில் இருக்கிறது. சேரும் முன் கல்லூரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம், யாருடைய வகுப்பறையில், யார் என்னைப் பார்ப்பார்கள்?

என்னைப் பார்த்தவர் பின்வரிசையில் ஒரு ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பாடம் முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எத்தனை வினாடி காத்திருந்தேன் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்று. ஒன்று. அரை. ஒன்று. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் இதை அளந்திருக்கிறார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள். நாம் படித்த வகுப்பறையில் கேள்வி முடியும் முன்பே கோரஸாகப் பதில் வரும். நான் அதையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கேள்வி கேட்டதும் மனதுக்குள் தமிழில் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. வகுப்பில் மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், ஈக்வடாரிலிருந்து வந்து இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்த ஒரு பெண் எழுந்து பலகைக்கு வந்தாள். நீள்வகுத்தலைப் போட்டாள். வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதினாள். கழித்தலை மனதிலேயே செய்து மீதியை மட்டும் எழுதினாள். மற்ற பிள்ளைகள் தப்பு என்று கத்தினார்கள். விடை சரியாக இருந்தது. அவள் ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் மகளின் வீட்டுப்பாடத்தை நம் ஊர் முறையில் போட்டுக்கொடுத்து, அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. அவள் முறையையும் பலகையில் அப்படியே விட்டேன். பக்கத்தில் இங்குள்ள முறையைப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் நான் ஊரில் படித்த முறை. எங்கே மூன்றும் ஒன்றாகின்றன என்று வகுப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். மணி அடித்த பிறகும் நாலு பேர் போகவில்லை. அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி.

நேரமாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே அரங்கில், அந்த ஓரத்து மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., பி.ஈ. எதுவானாலும் பரவாயில்லை, பெட்டியின் அடியில் வைத்திருக்கும் மதிப்பெண் பட்டியல்களை எடுத்து வாருங்கள். பாடம் பாடமாகச் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம், 30 வருகிறதா என்று.